முன்பாரம்

அமெரிக்க பிக்கப் விளம்பரங்களில் வண்டி எப்போதும் எதையாவது இழுத்துக்கொண்டுதான் போகும். குதிரைகள் நிற்கும் டிரெய்லர், மோட்டார் படகு, சில சமயம் இன்னொரு வண்டி. ஃபோர்டு எஃப்-150 ரக பிக்கப் ஒன்று, எஞ்சினையும் மாடலையும் பொறுத்து, நான்கைந்து டன்னைச் சலிக்காமல் இழுத்துவிடும். அதே வண்டியின் மூக்கில் 340 கிலோ இரும்பைத் தொங்கவிடலாமா என்று கேட்டால் மட்டும் கம்பெனிக்காரர்கள் தயங்குவார்கள். சில மாடல்களின் கையேட்டில், இதில் பனித்தள்ளி, அதாவது பனியை ஒதுக்கும் பிளேடு, பொருத்தக் கூடாது என்றே அச்சடித்திருக்கும்.

ஐந்து டன் இழுக்கிற வண்டிக்கு 340 கிலோ ஒரு சுமையா என்று தோன்றும். சுமைதான். டிரெய்லர் தன் சக்கரத்தில் தானே நிற்கிறது. அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் கொஞ்சம் கூடுதல், இழுக்கிற வண்டியின் பின்புறத்தில் உட்காரும். பனித்தள்ளிக்குச் சக்கரம் கிடையாது. சாலையில் போகும்போது அதன் முழு எடையும் பம்பருக்கு வெளியே, காற்றில் தொங்குகிறது. எத்தனை குதிரைத்திறன் என்ற கேள்விக்கு இங்கே வேலையே இல்லை. முன் ஆக்சில் எத்தனை கிலோ தாங்கும் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் இருக்கிறது. பனித்தள்ளி வாங்கப் புறப்படுகிறவர்களில் பலர் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

பனியைப் பார்த்தால் அந்த அவசரமும் புரியும். நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது பஃபலோ நகரம். 2022 நவம்பரில் அதன் தெற்குப் புறநகரான ஆர்ச்சர்ட் பார்க்கில் ஒரே புயலில் ஏறத்தாழ 2 மீட்டர் பனி கொட்டியது. பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் மைதானம் அந்த ஊரில்தான் இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை டெட்ராய்ட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. கனடாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று, கோடை வெப்பத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கும் ஏரியின் மேல் நீளவாக்கில் பயணிக்கிறது. ஏரிப்பரப்புக்கும் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்துக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் 13 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட காற்று மேலெழுந்து, ஒடுங்கிய ஒரு மேகப்பட்டையாகிக் கரையில் பனியைக் கொட்டும். பட்டைக்குள் அகப்பட்ட தெரு புதைந்துவிடும். அடுத்த ஊரில் புல் தெரியும். ஈரி ஏரி ஆழமில்லாதது, சராசரி 19 மீட்டர்தான். அதனால் குளிர்காலத்தின் பின்பாதியில் அது உறைந்துபோகும். உறைந்ததும் இந்தப் பனியின் தீவிரமும் குறையும். நவம்பரும் டிசம்பரும்தான் ஆபத்தான மாதங்கள்.

தெருவை நகராட்சி லாரி வந்து துடைத்துவிட்டுப் போகும். வீட்டு வாசலிலிருந்து தெரு வரையுள்ள டிரைவ்வே வீட்டுக்காரர் பாடு. போதாததற்கு, நகராட்சி லாரி தெருப்பனியை ஓரத்தில் ஒதுக்கும்போது டிரைவ்வேயின் வாயில் ஒரு கரை எழுப்பிவிட்டுப் போய்விடும். உப்பும் சேறும் கலந்து இறுகிய அந்தக் கரைதான் மண்வெட்டிக்காரரின் முதுகை முறிப்பது. டொரண்டோவில் ஸ்கார்பரோ தமிழர்களுக்கு இந்தக் கரை நன்றாகப் பழக்கம். அங்கே புறநகர்ப் பகுதிகளில் அதைத் திறந்துவிடவே மாநகராட்சி தனி வண்டி அனுப்புகிறது. ஆனால் தெரு துடைத்து முடிந்த பிறகுதான் அந்த வண்டி வரும். காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் அதற்குக் காத்திருக்க முடியாது.

இப்படித்தான் ஒருவருக்கு, வாசலில் நிற்கும் பிக்கப்பிலேயே ஒரு பனித்தள்ளியை மாட்டினால் என்ன என்ற யோசனை வருகிறது. இந்த யோசனைக்கு வயது அதிகம். மெயின் மாநிலத்தின் ராக்லேண்டில் டீன் ஃபிஷர் என்பவர் 1940களின் இறுதியில் ஜீப்புகளுக்குப் பனித்தள்ளி செய்யத் தொடங்கினார். அவர் பெயரில் இன்றும் பனித்தள்ளிகள் வருகின்றன. அந்த ஜீப் இன்றைய பிக்கப்பில் பாதி எடைகூட இருக்காது. ஆனால் அதன் முன்னால் இருந்தது ஒரே தண்டாக ஓடும் முரட்டு ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும். காற்றுப்பையோ ரேடாரோ அதில் இல்லை. கெடுவதற்கு அதிகம் இல்லாத வண்டியில் எதையும் மாட்டிப் பார்க்கலாம்.

இன்றைய பிக்கப்புகளை அமெரிக்கர்கள் ஹாஃப்-டன், முக்கால் டன், ஒரு டன் என்று பிரிப்பார்கள். ஒரு காலத்தில் அது நிஜமாகவே பின்தொட்டியில் ஏற்றக்கூடிய பாரத்தின் அளவு. இன்று பெயர் மட்டும் நிற்கிறது. ஹாஃப்-டன் என்று சொல்லப்படும் எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 ஆகியவற்றில் பெரும்பாலானவை அதைவிட நிறையவே ஏற்றும். ஒப்பந்தக்காரர்கள் பனி தள்ள வாங்குவது அடுத்த படியிலுள்ள எஃப்-250, ராம் 2500 போன்றவற்றை. இந்த இரண்டின் நான்கு சக்கர ஓட்ட மாடல்களில் முன்னால் இன்றும் ஒரே தண்டு ஆக்சில்தான். ஹாஃப்-டன்னில் ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். தார்ச்சாலையில் சொகுசாக இருக்கும், மூக்கில் பாரம் வைத்தால் சிணுங்கும்.

பனித்தள்ளிகளும் எடைவாரியாகவே விற்கின்றன. முழு அளவு பிளேடு, அதன் இரும்புச் சட்டம், ஹைட்ராலிக் பம்பு எல்லாம் சேர்த்து 300 முதல் 350 கிலோ. நடுவில் மடங்கும் வி வடிவ பிளேடு 400 கிலோவைத் தொடும். ஹாஃப்-டன்களுக்கென்றே ஃபிஷர், வெஸ்டர்ன், பாஸ் போன்ற கம்பெனிகள் மெல்லிய தகட்டில், குறைந்த எலும்புகளோடு செய்பவை 200 கிலோவை ஒட்டி நிற்கும்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. மூட்டையை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே எடை மாட்டின் கழுத்தை அழுத்தவும் செய்யும், நுகத்தைத் தூக்கவும் செய்யும். பிக்கப்பிலும் அதே கணக்குதான். 220 கிலோ பனித்தள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் எடைமையம் முன் ஆக்சிலுக்கு 1.6 மீட்டர் முன்னால் இருக்கிறது. இரண்டு ஆக்சிலுக்கும் இடைவெளி 3.68 மீட்டர். முன் ஆக்சில் துலாக்கோலின் நடுமுள் மாதிரி ஆகிவிடுவதால், முன்னால் தொங்கும் பாரம் பின்பக்கத்தைத் தூக்குகிறது. பின் ஆக்சில் 96 கிலோ இழக்கிறது. அந்த 96-உம் முன் ஆக்சில் தலையில்தான் வந்து விழும். ஆக, 220 கிலோ பொருளை மாட்டினால் முன் ஆக்சிலில் 316 கிலோ கூடுகிறது. 340 கிலோ பிளேடை மாட்டினால் 488.

இனி அந்த ஸ்டிக்கரைப் படிக்கலாம். மூன்று எண்கள் முக்கியம்: வண்டி மொத்தமாகத் தாங்கும் எடை, முன் ஆக்சில் தாங்கும் எடை, பின் ஆக்சில் தாங்கும் எடை. உதாரணத்துக்கு ஒரு நாலு கதவு ஹாஃப்-டன்னை வைத்துக்கொள்வோம். முன் ஆக்சில் வரம்பு 1,700 கிலோ. காலி வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்து அதில் 1,350 கிலோவை ஏற்கெனவே தின்றுவிட்டன. ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் உட்கார்ந்தால் அவர்கள் எடையில் பாதி, சுமார் 80 கிலோ, முன் ஆக்சிலுக்குப் போகும். மேலே சொன்ன இலகு பிளேடைச் சேர்த்தால் 1,746. வரம்பை 46 கிலோ தாண்டியாகிவிட்டது. இதுவே 340 கிலோ பிளேடு என்றால் கணக்குப் போடவே வேண்டாம்.

இங்கேதான் பின்பாரம் வருகிறது. பின்தொட்டியின் கடைசியில், பின் ஆக்சிலுக்கு 0.9 மீட்டர் பின்னால், 200 கிலோ மணல் மூட்டைகளை வைத்தால் துலாக்கோல் மறுபக்கம் சாய்ந்து முன் ஆக்சிலிலிருந்து 49 கிலோவை எடுத்துவிடும். 1,697. வரம்புக்கு மூன்று கிலோ மிச்சம்! பிளேடில் ஒட்டிய பனிக்கட்டியே அந்த மூன்று கிலோவைத் தாண்டும். பக்கத்து இருக்கைக்காரர் இறங்கி நடந்துவந்தால் நல்லது.

மணல் மூட்டையின் வேலை பின்சக்கரத்துக்குப் பிடிப்புக் கொடுப்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். பிடிப்பும் கிடைக்கும்தான். ஆனால் பனித்தள்ளிக் கம்பெனிகள் தங்கள் பொருத்தப் பட்டியலில் இந்த வண்டிக்கு இத்தனை கிலோ பின்பாரம் கட்டாயம் என்று அச்சிடுவது முன் ஆக்சிலைக் காப்பாற்றத்தான். மூட்டைகளைக் கேபினுக்குப் பின்னால் ஒட்டி அடுக்கினால் அவை பின் ஆக்சிலுக்கு முன்னால் நிற்கும். அப்போது முன் ஆக்சிலின் பாரம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். கட்டாமல் விட்டாலும் ஆபத்து. உறைந்த 200 கிலோ மணல், வண்டி சடாரென்று நிற்கும்போது நிற்காது.

இது எல்லாமே வண்டி அசையாமல் நிற்கும்போது போடும் கணக்கு. பிளேடைத் தூக்கிக்கொண்டு 60 கி.மீ. வேகத்தில் போகையில் உறைபனியால் மேடான சாலையில் வண்டி ஒருமுறை குதித்தால், அந்த நொடியில் முன்பாகங்களுக்குப் போகும் விசை இதைவிடப் பல மடங்கு. பால் ஜாயின்டும் வீல் பேரிங்கும் தேய்வது இப்படித்தான். மூக்கு தாழ்ந்தால் சக்கரத்தின் சாய்வு மாறி டயர் ஒரு ஓரமாக உண்ணப்படும். சிலர் முன்புறத்தை உயர்த்த ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு இடைக்கட்டையைச் செருகிவிடுவார்கள். வண்டி நிமிர்ந்து நிற்கும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆக்சில் தாங்கும் எடை ஒரு கிலோகூடக் கூடியிருக்காது. அதைவிட, சேசிஸுக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே மாட்டும் கெட்டி ரப்பர் திண்டு உருப்படியானது. பாரம் ஏறி மூக்கு தாழும்போது மட்டும் அது அழுந்தித் தாங்கும். பனித்தள்ளியைக் கழற்றியதும் வழக்கமான சொகுசு திரும்பிவிடும். ஆனால் அதுவும் ஸ்டிக்கர் எண்ணை மாற்றாது.

சரி, கணக்கு ஒத்துவந்துவிட்டது. பொருத்துவது எப்படி?

பஃபலோ பக்கத்துப் பட்டறைகளில் இது அக்டோபர் வேலை. முதலில் முன் பம்பருக்குக் கீழே காற்றைக் கிழிக்க வைத்திருக்கும் பிளாஸ்டிக் மடிப்பு கழலும். எரிபொருள் மிச்சம் பிடிக்க வைத்தது, இங்கே இடைஞ்சல். அதன் பின்னால் சேசிஸின் இரண்டு நீள இரும்புகள் தெரியும். அந்த மாடலுக்கென்றே வெட்டிய இரும்புத் தாங்கிகளை, கம்பெனி ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளில் கிரேடு 8 போல்ட் போட்டு முடுக்குவார்கள். முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனரால்தான் முடுக்க வேண்டும். சில மணி நேரம் பனி தள்ளிய பிறகு திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும். வெல்டிங் கூடாது. இன்றைய சேசிஸ் அதிவலிமை எஃகு. வெல்டிங் சூட்டில் அந்த இடத்து வலிமை போய்விடும். பழைய வண்டிகளில் நம் ஊர் லாரிப் பட்டறை மாதிரி எதையும் எங்கேயும் பற்றவைத்த காலம் முடிந்துவிட்டது.

தாங்கி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை டேப் வைத்து அளப்பார்கள். அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இது. பிளேடைத் தள்ளும் முக்கோணச் சட்டம் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்தால்தான் பிளேடின் வெட்டுவிளிம்பு சரியான சாய்வில் தரையைத் தொடும். சாய்வு அதிகமானால் சுரண்டாமல் பனிமேல் சறுக்கிக்கொண்டு போகும். குறைந்தால் தரையைக் கடித்து, தடதடவென்று துள்ளும்.

ஒரு முறை தாங்கி பொருந்திவிட்டால் பிறகு பனித்தள்ளியை மாட்டுவதும் கழற்றுவதும் சில நிமிட வேலை. வண்டியை மெல்ல முன்னே செலுத்தி, இரண்டு பின்களைச் செருகி, மின்சாரச் செருகிகளை இணைத்தால் போதும். தேவையில்லாத நாளில் முழுச் சுமையையும் வாசலிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். ஹாஃப்-டன்காரருக்கு இந்த வசதியைவிடப் பெரிய வரம் கிடையாது. முன் ஆக்சில் ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நாளும் அதன் ஆயுளில் சேரும்.

மின்சார வேலைதான் தலைவலி. பிளேடு தூக்கிய நிலையில் ஹெட்லைட்டை மறைத்துவிடும். அதனால் பனித்தள்ளியின் மேலேயே தனி விளக்குகள் வரும். பனித்தள்ளியை மாட்டியதும் வண்டியின் விளக்கு அணைந்து இவை எரிய வேண்டும். முன்பு நாலு கம்பியை வெட்டி ஒட்டினால் முடிந்தது. இன்று விளக்கு எரிகிறதா, எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்பதையெல்லாம் வண்டியின் கணினி கண்காணிக்கிறது. கம்பியை வெட்டினால் பல்பு போய்விட்டது என்று அலறும். ஒவ்வொரு மாடலுக்கும் தனி இணைப்புப் பெட்டி வாங்க வேண்டும். பம்பரில் இருக்கும் நிறுத்த உணரிகளும், முன்னே போகும் வண்டியை அளக்கும் ரேடாரும் எப்போதும் எதிரில் ஓர் இரும்புச்சுவரைத்தான் பார்க்கும். தானியங்கிப் பிரேக்கை அணைக்காமல் கிளம்பினால் வண்டி தன் பிளேடையே கண்டு நின்றுவிடலாம்.

காற்றுப்பை இன்னும் நுட்பமான விஷயம். மோதலில் முன்பகுதி எந்த வேகத்தில் நசுங்குகிறது என்பதை உணரிகள் மில்லி நொடிக் கணக்கில் படித்துத்தான் பையை விரிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கின்றன. மூக்கில் விறைப்பான இரும்புச்சட்டம் வந்ததும் அந்த நசுங்கும் விதமே மாறிவிடுகிறது. பொருத்தப் பட்டியலில் இல்லாத வண்டியில் எப்படியாவது மாட்டிக் கொடுங்கள் என்று கேட்டால் நல்ல பட்டறைக்காரர் மறுப்பதற்கு இதுவும் காரணம்.

வண்டி தயார். இனிமேல் பனி.

புதிதாய் விழுந்த பொடிப்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். இரண்டு நாள் கிடந்து அமுங்கினாலோ, ஈரத்தோடு விழுந்தாலோ 300. தெருவோரக் கரை அதற்கும் மேல். ஏழரை அடி, அதாவது 2.29 மீட்டர் அகல பிளேடு 20 செ.மீ. ஆழப் பனியில் ஒரு மீட்டர் முன்னேறினால் பொடிப்பனியில் 46 கிலோ சேரும். ஈரப்பனியில் 137 கிலோ. நேராக வைத்துத் தள்ளினால் எதுவும் ஒதுங்காமல் குவிந்துகொண்டே போகும். 20 மீட்டர் டிரைவ்வேயின் முடிவில் முதலாவது ஒரு டன்னை நெருங்கும், இரண்டாவது இரண்டேமுக்கால் டன். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

தள்ளும் விசை எஞ்சினிடம் இல்லை, டயரிடம் இருக்கிறது. மணல் மூட்டையும் இரண்டு ஆட்களும் சேர்த்து நம் வண்டி 2,880 கிலோ. பனித்தரையில் டயரின் உராய்வெண் 0.2 என்று வைத்தால், நான்கு சக்கரமும் சேர்ந்து ஏறத்தாழ 580 கிலோ எடைக்குச் சமமான விசையைத்தான் தரையில் இறக்க முடியும். அடியில் கண்ணாடிப்பனி இருந்தால் அதிலும் பாதி. 400 குதிரைத்திறன் எஞ்சின் என்ன உறுமினாலும் அதற்குமேல் ஒரு கிலோகூடக் கூடாது. சக்கரம் வழுக்கும், அவ்வளவுதான். நல்ல பனிக்கால டயர் நாலு வாங்குவது பெரிய எஞ்சின் வாங்குவதைவிட லாபம்.

அதனால் அனுபவஸ்தர்கள் பிளேடை ஒரு பக்கம் திருப்பியே வைக்கிறார்கள். 30 டிகிரி திருப்பினால் பனி ஓரமாக உருண்டு வழிந்துகொண்டே இருக்கும். எவ்வளவு தூரம் போனாலும் பிளேடின் முன் நிற்கும் பாரம் ஒரு அளவைத் தாண்டாது. ஏழரை அடி என்ற அளவின் ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. 30 டிகிரி திரும்பிய பிறகு அந்த பிளேடு துடைக்கும் அகலம் 1.98 மீட்டர். எஃப்-150 போன்ற வண்டியின் டயர்கள் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை பிடிக்கும் இடமும் ஏறத்தாழ அதுவே. எடை மிச்சம் பிடிக்க ஏழடி பிளேடு வாங்கினால், திருப்பியதும் 1.85 மீட்டராகி, ஒரு பக்க டயர் துடைக்காத பனியை மிதித்துக்கொண்டு போகும்.

பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. நடைபாதை விளிம்பு, சாக்கடை மூடி, உறைந்த செய்தித்தாள் கட்டு. 2,880 கிலோ வண்டி 16 கி.மீ. வேகத்தில் போய் அசையாத ஒன்றில் முட்டி 10 செ.மீ. தூரத்துக்குள் நின்றால், சராசரியாக 29 டன் எடைக்குச் சமமான விசை சேசிஸில் இறங்கும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. இதற்காகத்தான் பிளேடின் பின்னால் தடித்த ஸ்பிரிங்குகள். தடை குறுக்கிட்டால் முழு பிளேடும் முன்னால் குப்புறச் சாய்ந்து அதைத் தாண்டிவிட்டு நிமிரும். ஃபிஷர் வகையில் அடிவிளிம்பு மட்டும் மடங்கும். மேலே குவிந்த பனி கொட்டிப்போகாது. எதுவானாலும் பனி தள்ளும் வேகம் 16 கி.மீ., மிஞ்சினால் 22-க்குள் என்றுதான் கையேடுகள் சொல்கின்றன. வீடியோக்களில் பனி அலையாகப் பறக்கும் காட்சிகள் பத்து டன் நகராட்சி லாரிகளுடையவை.

ஒவ்வொரு தூக்கலுக்கும் திருப்பலுக்கும் 12 வோல்ட் மோட்டார் ஒன்று ஹைட்ராலிக் பம்பைச் சுழற்றுகிறது. உச்சத்தில் அது 200 ஆம்பியர் வரை கேட்கும். ஹீட்டர், விளக்கு, கண்ணாடித் துடைப்பான் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, எஞ்சின் நிதானமாக உறுமும் நிலையில் ஆல்டர்னேட்டர் அவ்வளவு தராது. மிச்சத்தை பேட்டரி கொடுக்கும். ஒரு டிரைவ்வேக்கு முப்பது முறை பொத்தானை அழுத்திவிட்டு, அடுத்த வீடு பக்கத்திலேயே இருந்தால், பேட்டரிக்கு மீள நேரமே கிடைக்காது. குளிரில் பேட்டரியின் திராணியே குறைவு. ஹைட்ராலிக் எண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தாலும் வால்வில் உறைந்து, பிளேடு பாதித் தூக்கலில் சிலையாகிவிடும். எண்ணெயை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி, கியர்பாக்ஸ் கொதிக்கிறது. முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று போய்க்கொண்டே இருக்கையில் டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் கடையப்பட்டுச் சூடாகிறது. வண்டி முழுவதுமாக நிற்பதற்குள் ரிவர்ஸ் போடுகிறவர்கள் உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளைக் கொண்டு பிரேக் பிடிக்கிறார்கள். கனத்த பனியில் நான்கு சக்கர லோ கியரில் போட்டால் இந்தச் சூடு நன்றாகக் குறையும். ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குச் சாலையில் போகும்போது சூடு வேறு வழியில் வரும். நேராகத் தூக்கிய பிளேடு ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறித்துவிடும். எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அப்படி வைத்து, காற்றுக்கும் விளக்குக்கும் வழி விட்டு, 70 கி.மீ.-ஐத் தாண்டாமல் போக வேண்டும்.

ஆக, ஹாஃப்-டன்னில் பனித்தள்ளி மாட்டலாமா? சொந்த டிரைவ்வே, பக்கத்து வீட்டுப் பெரியவருடையது, தெருக்கோடி சர்ச் வாசல் என்ற அளவில், பொருத்தப் பட்டியலில் உள்ள வண்டிக்கு இலகு பிளேடு தாராளமாகப் போதும். எஃப்-150 போன்றவற்றில் சில மாடல்களுக்குக் கம்பெனியே இதற்கென முன்னேற்பாட்டோடு வண்டி தருகிறது. ஒற்றைக் கேபின் மாடலாக இருந்தால் ஸ்டிக்கர் கணக்கும் கொஞ்சம் தளர்வாக இருக்கும். நாலு கதவும் பெரிய எஞ்சினும் கண்ணாடிக் கூரையும் கேட்டு வாங்கியவருக்கு அந்த ஆடம்பரமே இங்கே எதிரி. இரவெல்லாம் கடைத்தெரு வாகன நிறுத்தங்களைத் துடைத்துக் காசு பார்க்க நினைப்பவர் முக்கால் டன்னுக்கே போய்விடுவது மேல்.

பஃபலோவில் பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைக் கேட்பதற்கு முன்பு தரையில் படுத்து மூக்குக்கு அடியில் டார்ச் அடிப்பார்கள். விற்பவர், இது வீட்டு வண்டி, பனியே தள்ளியதில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார். சேசிஸ் நுனியில் போல்ட் இருந்த துளையைச் சுற்றி மட்டும் பெயின்ட் தேய்ந்து பளபளக்கிறதா, கிரில்லின் பின்னால் நுனி டேப் சுற்றிய தடித்த கம்பி ஏதாவது எங்கும் போய்ச் சேராமல் தொங்குகிறதா, முன்டயர் மட்டும் ஓரத்தில் உண்ணப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவற்றில் இரண்டு இருந்தால், விலையில் ஒரு ஜோடி பால் ஜாயின்டும் பேரிங்கும் கழித்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவார்கள்.